வராத ரப்பர் வளையம்

ஒரு ரப்பர் வளையம் வாங்கப் பணமில்லை என்று ஏழு மாதத்தில் பதினான்கு முறை எழுத்தில் சொன்ன அரசு மருத்துவமனை, எரிந்துபோன இயந்திரத்தின் விலையை ஓர் ஒப்பந்தக் கூலிப் பெண்ணிடம் பிடிப்பதற்கு மட்டும் பத்தொன்பதே நாளில் முடிவெடுத்துவிட்டது. அரசாங்க வேலை ஆமை வேகம் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். யார் தலையில் கட்டுவது என்று மட்டும் தெரிந்துவிட்டால் அது நாலுகால் பாய்ச்சலில் ஓடும்.

அந்த விவகாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தணிக்கையம்மாவின் வீட்டு மாடிப்படி ஏறி வந்தது. தணிக்கையம்மா முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஸ்டோர்களைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அவர் ஒரு பதிவேட்டை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்கு வியர்க்கும் என்பார்கள். வீட்டின் கீழே அவருடைய தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, துப்பறிவதென்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிற ஆள்.

வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் அறுவை சிகிச்சை அரங்கின் தலைமைச் செவிலியர். மருத்துவமனை முழுக்க அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. மற்றவர் டிரம் அக்கா. அறுவை சிகிச்சைக்கு வேண்டிய துணி, பஞ்சு, கருவிகளை வட்டமான எஃகு டிரம்களில் அடுக்கி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் வைத்து ஆவியில் வேக வைப்பது அவருடைய வேலை. பதினோரு வருடமாக டிரம்மும் கையுமாக இருந்ததில் பெயரே அதுவாகிவிட்டது. நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

"இவ மெஷினை ஆஃப் பண்ணாம வீட்டுக்குப் போயிட்டாளாம். அது எரிஞ்சுபோச்சாம்," என்று ஆரம்பித்தார் பெரிய சிஸ்டர். "பத்தொன்பது நாள் முன்னாடி, சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வாட்ச்மேன் கருகுற வாசனை வந்து ஓடிப் பார்த்திருக்கார். உள்ள தண்ணியில்லாம ஹீட்டர் எல்லாம் உருகிக் கிடந்துது. விசாரணை வியாழக்கிழமை. விசாரணை என்ன விசாரணை, உத்தரவை இப்பவே டைப் அடிச்சு வெச்சுட்டாங்க."

"என்ன உத்தரவு?"

இதற்கு டிரம் அக்காவே பதில் சொன்னார். "மாசாமாசம் பாதிச் சம்பளம் பிடிப்பாங்களாம்மா. மெஷின் விலை தீர்ற வரைக்கும். பதினாலு வருஷம் ஆகுமாம். ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடலன்னா வேலையும் போயிடும், போலீஸ்லயும் புகார் குடுப்பாங்களாம். வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். வீட்டுக்காரருக்கு இடுப்புல அடிபட்டதிலேர்ந்து எழுந்து நடக்கறதே பெரும்பாடு. ரெண்டு பொண்ணுங்க படிக்குது. நான் அன்னிக்கு மூணு மணிக்கு ஆஃப் பண்ணி, தண்ணியை வடிச்சு விட்டு, மறுநாளுக்கு மூணு டிரம்மையும் உள்ள வெச்சுட்டுத்தான் போனேன். காலையில வந்ததும் தண்ணி ஊத்தி உடனே ஓட்டலாம்னு தினமும் அப்படித்தான் செய்வேன். பொய் சொல்லலம்மா."

"மூணு மணிக்குப் போனதுக்கு அத்தாட்சி?"

"வாசல்ல விரல் வைக்கிற மெஷின்ல மூணு மணி நாலு நிமிஷம்னு பதிஞ்சிருக்கு."

படிக்கட்டில் திமுதிமுவென்று சத்தம். தம்பி வந்துவிட்டார். "அக்கா, கீழ கேட்டுட்டுதான் இருந்தேன். இது உள்ளாள் வேலை. சந்தேகமே இல்ல."

"நீ முதல்ல உக்காரு. கடையில யாரு?"

"கடை எங்க போகப்போகுது?"

பெரிய சிஸ்டர் கோப்பின் நகலை மேசைமேல் வைத்தார். அதில் வாட்ச்மேன் கைபேசியில் எடுத்த நான்கு படங்கள், கண்காணிப்பாளரின் அறிக்கை, நிதித் துறையிலிருந்து வந்த மூன்று பக்கச் சிக்கன உத்தரவு. அதற்கும் அடியில் பெரிய சிஸ்டர் எழுதிய கடிதங்கள், பதினான்கு. இயந்திரக் கதவின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது, ஆவி கசிகிறது, சூடு போதவில்லை, உடனே வளையம் வாங்கித் தரவும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே கையெழுத்தில் ஒரே வரி: 'பழுது பார்க்கும் செலவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. திருப்பப்படுகிறது.'

"வளையம் என்ன விலை?" என்று கேட்டார் தணிக்கையம்மா.

"ஒரு ஜோடி செருப்பு விலைகூட இருக்காது. என் கைக்காசைப் போட்டு வாங்கறேன்னுகூடச் சொன்னேன். ஆபீஸ் ஆர்டர் இல்லாம கம்பெனிக்காரன் விக்க மாட்டான். ஆர்டர் குடுங்கன்னா, அரசாங்கப் பொருள்ல தனியார் காசு சேரக்கூடாதுன்னுட்டாங்க." பெரிய சிஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, யார் செஞ்சாங்கன்னு நீங்க கண்டுபிடிக்கணும்னு இல்ல. இவ செய்யலன்னு மட்டும் காட்டிட்டா போதும். குற்றம் சாட்டப்பட்டவங்க துணைக்கு ஓய்வு பெற்ற ஊழியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு விதி இருக்கு. நீங்க வரணும்."

"வரேன்," என்றார் தணிக்கையம்மா.

அவர்கள் இறங்கிப் போனதும் தம்பி சிக்கன உத்தரவைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உத்தரவின் சாரம் இதுதான்: நாட்டின் நிதி நிலைமை நெருக்கடியில் இருப்பதால் பழுது பார்க்க ஒரு காசும் கிடையாது. புதிய பொருள் வாங்கவும் கூடாது. ஆனால் தீயினாலோ வெப்பத்தினாலோ முற்றிலும் அழிந்த இயந்திரத்துக்குப் பதிலாகப் புதியது வாங்கலாம். அதற்கென்று தனி நிதி உண்டு.

"அப்போ செருப்பு விலையில வளையம் வாங்கக் கூடாது. மெஷினே எரிஞ்சுபோனா பதினாலு வருஷத்துப் பாதிச் சம்பளத்துக்குப் புது மெஷின் வாங்கலாம். இதை எழுதினவன் சோறுதானே சாப்பிடறான்?"

"நல்லாத்தான் சாப்பிடுவான். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

புதன்கிழமை காலை அரங்கில் ஓர் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்ததால் பெரிய சிஸ்டர் வரவில்லை. டிரம் அக்கா நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் எரிந்த மறுநாளிலிருந்து அவருக்குத் துடைப்பமும் வாளியும்தான் கொடுத்திருந்தார்கள். வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு அவர்களை இயந்திர அறைக்குக் கூட்டிப் போனார். சாவி, எப்போதும் போல, நடைபாதை ஆணியில் எல்லார் கைக்கும் எட்டும்படி தொங்கியது.

சின்ன அறை. பீப்பாயைப் படுக்க வைத்தாற்போல இயந்திரம். அதன் கதவு விளிம்பில் கிழிந்த வளையத்தின்மேல் துணிக் கயிறு சுற்றியிருந்தது. எதிர்ச் சுவரில் டிரம் வைக்கும் தட்டு. கதவருகில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கியது. அதனுடன் ஒரு பிளாஸ்டிக் பையும் தொங்கியது.

"இந்தப் பை எதுக்கு?" என்றார் தணிக்கையம்மா.

"வளையம் கிழிஞ்சதிலேர்ந்து மெஷின் ஓடினா அறை முழுக்க ஆவிதாம்மா. சுவரெல்லாம் சொட்டும். முதல் வாரமே பதிவேட்டுல மசி ஊறி ஒரு எழுத்தும் தெரியல. அதனால ஓடும்போது பையைப் போட்டு மூடிடுவேன். நிறுத்தினதும் பையை எடுத்துடணும். இல்லன்னா உள்ளயே வேர்த்துக் காகிதம் நைஞ்சுடும்."

"டிரம்மை எப்படி வைப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

டிரம் அக்கா ஒரு காலி டிரம்மை எடுத்தார். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். துளைகளின்மேல் நகரும் ஒரு எஃகுப் பட்டை. "உள்ள வைக்கும்போது துளையைத் திறந்து வைக்கணும். அப்பதான் ஆவி போகும். வெந்து வெளிய எடுத்த உடனே மூடிடணும், வெளிக்காத்து படக்கூடாது. மேல ஒட்டுற டேப்புல வெள்ளைக் கோடு இருக்கும். சரியா வெந்தா கறுப்பாயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஏழு மாசமா முழுசாக் கறுக்கவே இல்லம்மா. சாம்பல் கலர்ல நிக்கும். ரெண்டு தடவை ஓட்டுவேன், மூணு தடவை ஓட்டுவேன். முன்னெல்லாம் ஆம்புலன்ஸ்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கொண்டாருவோம். அப்புறம் டீசலையும் வெட்டிட்டாங்க. மெஷின் எரிஞ்சப்புறம்தான் மறுபடி குடுக்கறாங்க," என்றார்.

அடுத்து ஸ்டோர். ஸ்டோர்காரர் குள்ளமான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. தம்பி அவரைப் பார்த்த பார்வையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். அறை முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், கோப்பு கட்டும் நாடா உருண்டைகள்.

"எவ்வளவு சார் இது?" என்றார் தம்பி.

"தொள்ளாயிரம் கட்டு. நிதியாண்டு முடியற வாரத்துல எழுதுபொருள் தலைப்புல பணம் மிச்சம் இருந்துது. செலவு பண்ணலன்னா திரும்பிப் போயிடும், அடுத்த வருஷம் ஒதுக்கீட்டையும் குறைச்சுடுவாங்க. அதான்."

"அந்தப் பணத்துல ஒரு ரப்பர் வளையம்..."

"அது வேற தலைப்புங்க," என்றார் ஸ்டோர்காரர், குழந்தைக்குச் சொல்வது போல. என் வயிறு எரிகிறது. அங்கே பிள்ளை பெற்ற வயிற்றில் போட்ட தையல் சீழ் பிடிக்கிறது, இங்கே ஊரையே கட்டி இழுக்கிற அளவுக்கு நாடா!

"தீப்பிடிச்ச அன்னிக்கு அஞ்சு மணிக்கு நீங்க ஒரு பெட்டியைத் தூக்கிட்டு அரங்கு நடைபாதையில போனீங்களாம். வாட்ச்மேன் சொன்னார்," என்று தம்பி நெருக்கினார்.

ஸ்டோர்காரர் தணிக்கையம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றவும் மனிதர் உடைந்துபோனார். அவர்களை அரங்கு நடைபாதைக்குக் கூட்டிப் போய், அங்கே பூட்டிக் கிடக்கும் குளியலறையைத் திறந்து காட்டினார். உள்ளே கையுறைப் பெட்டிகள், நாற்பதுக்கு மேல். "கையிருப்பு ஜாஸ்தின்னு காட்டினா பிடுங்கிட்டுப் போயிடுவாங்கம்மா. அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு டாக்டருங்க வெறுங்கையோட நிப்பாங்க. அதான் ஒளிச்சு வெச்சேன். ஒரு பெட்டிகூட வெளிய போகல. எண்ணிப் பாருங்க."

தணிக்கையம்மா எண்ணினார். சரியாக இருந்தது. "மெஷின் அறைக்குள்ள போயிருக்கீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை, எண் ஒட்ட. அந்த டிரம்மை எந்தப் பக்கம் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது."

கடைசியாக மருத்துவக் கண்காணிப்பாளர். மருத்துவம் பார்ப்பதை விட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பட்டியல்: மாவட்ட மருத்துவமனைகளின் சிக்கன வரிசை. சேமித்த தொகை, மீட்ட தொகை என்று இரண்டு பத்திகள். அவருடைய மருத்துவமனை மூன்றாவது இடத்தில் இருந்தது.

"புது மெஷினுக்கு அனுமதி வந்துடுச்சாமே," என்றார் தணிக்கையம்மா.

"நாலே நாள்ல வாங்கிட்டேன்!" கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. உடனே அதைச் சுருக்கிக்கொண்டார். "அந்தம்மா விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். நானும் மனுஷன்தானே? ஆனா என்ன பண்றது, ஃபைலுக்கு ஒரு பேர் வேணும். அவ சுவிட்சைப் போட்டுட்டுப் போயிட்டா. கசியற கதவு. ரெண்டரை மணி நேரத்துல தண்ணியெல்லாம் ஆவியாப் போயிருக்கும், அப்புறம் எரிஞ்சிருக்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

வெளியே வந்ததும் தம்பி முணுமுணுத்தார். "அக்கா, சொல்லக் கூடாது, ஆனா அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கே. மூணு மணிக்குப் போட்டா, தண்ணி வத்த அஞ்சரை ஆயிடும்தானே?"

"ஆகும். அதனாலதான் படத்தைப் பெரிசா பார்க்கணும்ங்கறேன். உன் ஜெராக்ஸ் மெஷினைச் சூடு பண்ணி வை."

சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் நான்கு படங்களும் பெரிய தாள்களில் வந்து விழுந்தன. தணிக்கையம்மா இரண்டாவது படத்தில் பதிவேட்டின்மேல் விரலை வைத்தார். பதிவேடு ஆணியில் திறந்தே தொங்கியது. பிளாஸ்டிக் பை பக்கத்தில் தனியாக இருந்தது. அன்றைய தேதியில் டிரம் அக்கா எழுதிய வரி, ஒரு புள்ளிகூடக் கலையாமல், பளிச்சென்று தெரிந்தது.

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ரெண்டரை மணி நேரம் ஆவி கசிஞ்சிருந்தா இந்தக் காகிதம் இப்படியா இருக்கும்? ஊறிப்போயிருக்கும்! அப்போ மெஷின்ல தண்ணியே இல்ல. வெறும் மெஷினைத்தான் போட்டிருக்காங்க."

"தண்ணியில்லாம போட்டா ஹீட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்னு கம்பெனிக்காரனுக்கு போன் பண்ணிக் கேட்டேன். கால் மணி நேரமாம். அப்போ சுவிட்சைப் போட்டது அஞ்சு மணிக்கு மேல. டிரம் அக்கா அப்போ வீட்டுல."

"ஜெயிச்சுட்டோம் அக்கா! அப்படின்னா போட்டது அந்த ஸ்டோர்காரன்தான். அஞ்சு மணிக்கு அங்கதான் நடமாடியிருக்கான்."

தணிக்கையம்மா மூன்றாவது படத்தை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார். தட்டில் மூன்று டிரம்கள் வரிசையாக இருந்தன. டேப்பில் கோடுகள் வெள்ளையாகவே இருந்தன. துளைகள் தெரியவில்லை. பட்டை அவற்றை மூடியிருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒரு காலி டிரம் வேணும்," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கண்காணிப்பாளரின் கூட்ட அறையில் எல்லாரும் கூடினார்கள். கண்காணிப்பாளர், கணக்கு அலுவலர், ஸ்டோர்காரர், பெரிய சிஸ்டர் நாலு பேருக்கும் நாற்காலி இருந்தது. டிரம் அக்கா நின்றுகொண்டிருந்தார். தணிக்கையம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி தன் நாற்காலியை டிரம் அக்காவுக்குப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். மூலையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் ஒரு காலி டிரம், துளைகள் திறந்தபடி.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி," என்றார் தணிக்கையம்மா. "நீங்க ஒவ்வொருத்தரா அந்த அலமாரியிலேர்ந்து டிரம்மை எடுத்து இந்த மேசைமேல வைக்கணும். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் நான் திரும்ப உள்ள வெச்சுடறேன்."

"இதென்ன விளையாட்டு?" என்றார் கண்காணிப்பாளர்.

"ரெண்டு நிமிஷம் சார்."

கணக்கு அலுவலர் டிரம்மைச் சுடுபாத்திரம் போல இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வந்து வைத்தார். ஸ்டோர்காரர் வைப்பதற்கு முன்னால் தலைகீழாகத் திருப்பி அடியில் எண் இருக்கிறதா என்று பார்த்தார். கண்காணிப்பாளர் முதலில் ஒரு பியூனைத் தேடினார். ஒருவரும் இல்லாததால் தானே எழுந்து, காதைப் பிடித்துத் தூக்குவது போல ஒரு கையால் தூக்கி வந்தார். கடைசியாகப் பெரிய சிஸ்டர் போனார். போகும்போதும் வரும்போதும் கண்ணெல்லாம் டிரம் அக்காமேல் இருந்தது. இடது கை டிரம்மின் அடியில், வலது கை பக்கவாட்டில். அலமாரியை விட்டு வெளியே வந்த அந்தக் கணமே, டக்கென்று ஒரு சத்தம். மேசைக்கு வந்தபோது டிரம்மின் துளைகள் மூடியிருந்தன.

பெரிய சிஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

தணிக்கையம்மா அவர் பக்கம் திரும்பாமல் பேசினார். பதிவேட்டைக் காட்டினார். பையைப் பற்றிச் சொன்னார். ஆவி கசியாத அறையையும், கால் மணி நேரக் கணக்கையும், வாசல் இயந்திரத்தில் பதிந்த மூன்று மணி நாலு நிமிடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். கணக்கு அலுவலர் தலையை ஆட்டியபடி குறித்துக்கொண்டே வந்தார்.

"இனி டிரம்முக்கு வரேன். இந்தம்மா டிரம்மை உள்ள வெச்சுட்டுப் போனதாச் சொல்றாங்க. அறிக்கையில, டிரம் வெளிய தட்டுல இருந்துது, அதனால இவங்க பொய் சொல்றாங்கன்னு எழுதியிருக்கு. படத்தைப் பாருங்க. டேப்புல கோடு வெள்ளை. அப்போ இந்த டிரம் வேகவே இல்ல. வேகாத டிரம் வெளியில காத்திருந்தா துளை திறந்திருக்கணும். மூடியிருக்கு. மெஷினுக்குள்ளேர்ந்து வெளிய எடுக்கும்போது மட்டும்தான் துளையை மூடுவாங்க. ஆக, இவங்க உள்ள வெச்சது நிஜம். அஞ்சு மணிக்கு மேல யாரோ அதை வெளிய எடுத்திருக்காங்க. எடுக்கும்போது, கை தன்னால துளையை மூடியிருக்கு. வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை. வெந்துதா வேகலயான்னு யோசிக்காது."

தம்பி வாயைப் பிளந்தபடி நின்றார்.

"இன்னொண்ணு. மெஷினை எரிக்கணும்னு வந்தவங்க எதுக்கு டிரம்மை வெளிய எடுக்கணும்? அதோட எரியட்டும்னு விட்டிருக்கலாமே. மறுநாள் ஆபரேஷனுக்கு அந்தக் கருவி வேணும்னு நினைச்ச ஆள் அது. அஞ்சு பைசா ஆதாயத்துக்கு எரிச்ச ஆள் இல்ல. நான் இவங்களுக்குத் துணையா வந்தவ. இவங்க செய்யலன்னு காட்டியாச்சு. பேர் சொல்றது என் வேலை இல்ல."

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அவர் பார்வை பெரிய சிஸ்டர்மேல் விழுந்தது, உடனே நழுவி ஜன்னலுக்குப் போயிற்று. "சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா பேர் இல்லாம ஃபைலை மூட முடியாது. மெஷினுக்கு அனுமதி வந்திருக்கறதே இந்த அறிக்கையை வெச்சுத்தான். இப்போ போய் மாத்தினா மெஷின் வராது. தாய்மாருங்க கஷ்டப்படுவாங்க." டிரம் அக்கா பக்கம் குனிந்து குரலில் தேன் தடவினார். "பாரும்மா, நீ கையெழுத்துப் போட்டுடு. பாதியைக் கால்வாசியாக் குறைச்சுத் தரேன். நாலு பொம்பளைங்க நல்லா இருக்கட்டுமேன்னு நினைச்சுக்கோ."

அடப்பாவி! ஏழு மாதமாக அந்த நாலு பெண்கள் எந்த ஊரில் இருந்தார்கள்?

"சிக்கன உத்தரவு, பத்தி நாலு," என்றார் தணிக்கையம்மா. குரல் இம்மியும் உயரவில்லை. "தீயினாலோ வெப்பத்தினாலோ அழிந்த இயந்திரம். அவ்வளவுதான் இருக்கு. யாரால அழிஞ்சுதுன்னு அது கேக்கவே இல்ல. மெஷின் எப்படியும் வரும். பேர் தேவைப்படறது பணம் பிடிக்க மட்டும். பிடிச்ச பணம் மீட்ட தொகைன்னு உங்க பத்தியில ஏறும். மூணாவது இடம் முதல் இடமாகும்."

கணக்கு அலுவலர் உத்தரவைப் புரட்டி, "அம்மா சொல்றது சரிதான் சார்," என்றார்.

பெரிய சிஸ்டர் எழுந்தார். "என் பேரை எழுதிக்கோங்க."

கண்காணிப்பாளர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"நான்தான் எரிச்சேன். இருபத்து மூணு பேருக்குத் தையல் சீழ் பிடிச்சுது. எல்லாம் என் அரங்குலேர்ந்து போனவங்க. அதுல ஒருத்தி, முதல் பிரசவம், வீட்டுக்குத் திரும்பவே இல்ல. அவ புருஷன் குழந்தையைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனதை நான் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். பதினாலாவது லெட்டரும் மறுநாள் திரும்பி வந்துது. அப்புறம் இந்த உத்தரவு. எரிஞ்சா புதுசு வாங்கலாம்னு நீங்களே எழுதி அனுப்பினீங்க. எரிச்சேன். பழைய மெஷின், தானா எரிஞ்சதுன்னு போடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க இவளைப் பிடிச்சீங்க."

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். "அப்போ உங்க ஓய்வூதியம்..."

"பிடிச்சுக்கோங்க."

"பிடிக்கலாம்," என்றார் தணிக்கையம்மா. "அதுக்கு முன்னாடி அந்தப் பதினாலு கடிதத்தையும் ஃபைல்ல சேர்க்கணும். ஓரத்துல இருக்கற கையெழுத்தோட. நகல் தலைமைத் தணிக்கை அலுவலகத்துக்கு இன்னிக்கே போகுது. தம்பி மூணு செட் எடுத்து வெச்சிருக்கான்."

"நாலு செட் அக்கா," என்றார் தம்பி.

"அதை எதுக்கும்மா இதுல... அப்புறம் என் பேரும் வருமே!"

"ஃபைலுக்குப் பேர் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

பெரிய சிஸ்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு டிரம் அக்காவிடம் வந்தார். தோளைத் தொடப் போனார். டிரம் அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இருபத்தோரு நாள் சிஸ்டர்," என்றார் டிரம் அக்கா. அழவில்லை. "தினமும் உங்க எதிர்லதான் தரையைத் துடைச்சேன். என் பெரிய பொண்ணு காலேஜை நிறுத்திடறேம்மான்னு சொன்னா. அதையும் உங்ககிட்டதான் வந்து சொல்லி அழுதேன். முதுகைத் தடவிக் குடுத்தீங்க."

"தினமும் சொல்லிடணும்னுதான் வருவேன். வாய் வரல. உன்னை எப்படியாவது காப்பாத்திடலாம், நானும் தப்பிச்சுடலாம்னு..."

"வளையம் கேட்டுப் பதினாலு லெட்டர் எழுதினீங்க. எனக்காக ஒரு வரி எழுதலியே."

பெரிய சிஸ்டர் திரும்பித் தன் நாற்காலிக்குப் போனார்.

கண்காணிப்பாளர் அவசரமாக ஒரு தாளை இழுத்து எழுதினார். இந்த அறையை விட்டு எல்லாரும் போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. "சரிம்மா, உன் விஷயம் முடிஞ்சுது. குற்றச்சாட்டு ரத்து. இந்தா, எடுத்துக்கிட்டுப் போய் வேலையைப் பாரு."

டிரம் அக்கா தாளை வாங்கி, விரலை ஓட்டி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கணக்கு அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டோர்காரர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். படித்து முடித்துவிட்டு டிரம் அக்கா தாளைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"கருணை அடிப்படையில் மன்னித்து விடுவிக்கப்படுகிறார்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமா. அதுக்கென்ன? எல்லா உத்தரவுலயும் அப்படித்தான் எழுதறது."

"கருணை வேண்டாம் சார். நான் தப்பு செய்யலன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா!"

"ஒண்ணு இல்ல சார்," என்றார் டிரம் அக்கா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி. "நீங்க எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

கண்காணிப்பாளர் தணிக்கையம்மாவைப் பார்த்தார். அவர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருந்தார். கண்காணிப்பாளர் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தார்.